வேதபாட வகுப்புக்கு வெளியே: வாசகர் கேள்வி – பதில்

கிறிஸ்தவப் பள்ளிகளில் கணிதம், அறிவியல், மொழி, வரலாறு ஆகிய பாடங்களுக்கு உரிய இடம் எது என்று கேட்டுப் பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதிய கடிதங்கள் அண்மையில் நிறைய வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால், சிலவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் இருவரையும் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்ததே அவர்கள் கர்த்தருக்குள் வளர வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் நாள் முழுவதும் கணக்கும் அறிவியலும் இலக்கணமுமே நடக்கின்றன. வேதபாடத்துக்கு ஒரு பாடவேளைதான். பிழைப்புக்கு உலகப் படிப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அதைக் குறைத்து வேதத்துக்கு அதிக நேரம் ஒதுக்கும்படி பள்ளியிடம் கேட்கலாமா, ஐயா? — ஒரு தாய்

பதில்: உங்கள் வாஞ்சையை மதிக்கிறேன், சகோதரி. வேதபாட நேரத்தைக் கூட்டும்படி கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஓர் எண்ணம் அடியோட்டமாக இருக்கிறது. அதை முதலில் பேசிவிட வேண்டும். காலையில் நடக்கும் வேதபாடம் தேவனுக்கு உரியது, அதன் பிறகு மணி அடித்துத் தொடங்குபவை எல்லாம் பிழைப்புக்கு உரியவை என்று பிள்ளையின் நாளை இரண்டாகப் பிரிக்கும் எண்ணம் அது. இந்தப் பிரிவினையை வேதாகமத்திலிருந்து யாரும் பெற்றுக்கொள்ள முடியாது.

தானியேலின் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். சிறைப்பட்டுப்போன அந்த நான்கு வாலிபர்களும் ராஜாவின் போஜனத்தால் தங்களைத் தீட்டுப்படுத்திக்கொள்ள மாட்டோம் என்று உறுதியாக நின்றார்கள். ஆனால் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் மூன்று ஆண்டுகள் கற்க வேண்டும் என்ற ராஜாவின் ஏற்பாட்டை அவர்கள் மறுக்கவில்லை. எதை விலக்க வேண்டும், எதைக் கற்க வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. அதோடு, அந்த எழுத்திலும் ஞானத்திலும் அவர்களுக்கு அறிவையும் சாமர்த்தியத்தையும் கொடுத்தவர் தேவனே என்று அதிகாரத்தின் 17ஆம் வசனம் சொல்கிறது. பாபிலோனின் பாடத்தில் அவர்கள் பெற்ற தேர்ச்சியைக்கூடத் தேவனுடைய கொடையாகவே வேதம் பார்க்கிறது. மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவர் என்று ஸ்தேவான் சொன்னதும் குறைகூறுவதற்காக அல்ல. சாலொமோனின் ஞானத்தை விவரிக்கும் இடத்தில், லீபனோனின் கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புப் பூண்டு வரைக்கும், மிருகங்களையும் பறவைகளையும் மீன்களையும் குறித்து அவர் பேசினார் என்று முதலாம் ராஜாக்கள் நான்காம் அதிகாரம் சேர்த்துக்கொள்கிறது. இன்றைய பள்ளியில் இவற்றுக்குத் தாவரவியல், விலங்கியல் என்று பெயர்.

சபையின் வரலாற்றிலும் இதையே காண்கிறோம். ரோமப் பேரரசன் ஜூலியன் 362இல் ஓர் ஆணை பிறப்பித்து, கிரேக்க இலக்கியங்களைக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் கற்பிக்க முடியாதபடி செய்தான். அந்த இலக்கியங்கள் போற்றும் தெய்வங்களை நம்பாதவர்கள் அந்த நூல்களைக் கற்பிக்கக் கூடாது என்பது அவன் வாதம். 'உலகப் படிப்பு போனால் போகட்டும், நமக்கு வேதம் இருக்கிறதே' என்று அன்றைய கிறிஸ்தவத் தலைவர்கள் ஆறுதல் அடையவில்லை. நசியான்சு நகரத்து கிரகோரி அந்த ஆணையைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். சொற்கலையும் அறிவும் ஒரு மதத்தாரின் தனிச்சொத்து அல்ல என்பது அவருடைய நிலை. கிறிஸ்தவர்களை முடக்க நினைத்த ஓர் அரசன் அவர்களிடமிருந்து எதைப் பறிக்க முயன்றான் என்பதைக் கவனியுங்கள். அதை நாமே விரும்பிக் கைவிடுவதா?

இன்று வேதக் கதைகளுக்கும் பாடல்களுக்கும் உரிய இடமாக நாம் கருதும் ஞாயிறு பள்ளியின் தொடக்கத்தையும் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரம் முழுவதும் வேலைக்குப் போய்வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது எழுத்துக்கூட்டி வாசிப்பதைத்தான். வேதத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, அதைத் திறந்து தானே வாசிக்கிற திறனையும் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வாசிப்பு என்றால் எழுத்துக்கூட்டுவது மட்டும் அல்ல. ரோமருக்கு எழுதின நிருபத்தில் பவுல் ஒரே வாதத்தைப் பதினோரு அதிகாரங்களுக்குத் தொடர்ந்து கொண்டுபோய், பன்னிரண்டாம் அதிகாரத்தில்தான் அன்றாட வாழ்க்கைக்குத் திருப்புகிறார். ஒரு பத்தி முந்தைய பத்தியோடு எப்படி இணைகிறது என்று மொழி வகுப்பில் பழகாத பிள்ளை, அந்த நிருபத்திலிருந்து மனப்பாட வசனங்களை எடுத்துக்கொள்ளும், வாதத்தை எடுத்துக்கொள்ளாது. ஆகையால் பள்ளியிடம் கேட்பதற்கு முன், உங்கள் பிள்ளைகள் வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை வாசித்துவிட்டு அதில் சொல்லப்பட்டதைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் வரிசைப்படுத்திச் சொல்கிறார்களா என்று வீட்டில் கவனித்துப் பாருங்கள். அது அவர்களுக்குத் தடுமாற்றமாக இருந்தால், குறைய வேண்டியது மொழிப்பாட நேரம் அல்ல.

கேள்வி: நான் கணித ஆசிரியர். ஒவ்வொரு பாடத்திட்டக் குறிப்பிலும் 'விசுவாச இணைப்பு' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பது எங்கள் பள்ளி நிர்வாகத்தின் கட்டளை. பின்னங்கள் பாடத்துக்கு ஐந்து அப்பம், இரண்டு மீன் என்று எழுதினேன். முக்கோணங்களுக்குத் திரித்துவம் என்று எழுதினேன். எழுதும்போதே மனம் ஒப்பவில்லை. கணிதத்தை விசுவாசத்தோடு உண்மையாக எப்படி இணைப்பது? — ஓர் இளம் ஆசிரியர்

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது நல்ல அறிகுறி, தம்பி. முக்கோணத்துக்கு மூன்று பக்கங்கள் இருப்பது திரித்துவத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. திரித்துவத்தைப் பற்றிய சத்தியமும் முக்கோணத்தைப் புரிந்துகொள்ள உதவவில்லை. இரண்டையும் ஒட்டவைக்கும்போது இரண்டுமே சிறுமைப்படுகின்றன. பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். கணக்கோடு ஒட்டாத வசனம் ஒன்று வகுப்பின் இறுதியில் ஒவ்வொரு நாளும் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், வசனத்தைக் காது கேளாமல் கடந்துபோகும் பழக்கத்தையே அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கிறோம்.

கணிதம் தேவனுடைய சிருஷ்டிப்பின் ஒழுங்கைப் பேசும் மொழி என்று நாம் விசுவாசிக்கிறோம். அப்படியானால் அந்த மொழியைப் பிழையின்றிக் கற்பிப்பதே முதல் இணைப்பு. வானியலாளர் யோகான்னஸ் கெப்ளரின் வாழ்க்கையில் இதை மிக அருகில் நின்று பார்க்கலாம். அவர் டியூபிங்கனில் இறையியல் படித்தவர். போதகராக வேண்டும் என்று விரும்பியவர். டைக்கோ பிராகி வானத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள் குறித்துவைத்த அளவீடுகளை வைத்துக்கொண்டு, செவ்வாய்க் கோளின் பாதையை வட்டம் என்று கொண்டு அவர் நீண்ட காலம் கணக்கிட்டார். கணக்கு ஏறத்தாழப் பொருந்தியது. ஓரிடத்தில் மட்டும் 8 பாகைத்துளி வேறுபாடு வந்தது. ஒரு பாகையில் 60 பாகைத்துளிகள். முழுநிலவின் அகலமே ஏறக்குறைய 30 பாகைத்துளிகள் என்றால், அந்த வேறுபாடு எத்தனை சிறியது என்று எண்ணிப் பாருங்கள். அளவீட்டுப் பிழை என்று சொல்லி விட்டுவிட யாருக்கும் மனம் வந்திருக்கும். கெப்ளர் விடவில்லை. இவ்வளவு கவனமான ஒரு நோக்கரைத் தேவனுடைய நன்மை நமக்குத் தந்திருக்கும்போது, அந்தக் கொடையை நன்றியோடு ஏற்று உண்மையைத் தேடுவதே தகும் என்ற கருத்தை அவர் எழுதிவைத்தார். வட்டத்தைக் கைவிட்டு, கோள்களின் பாதை நீள்வட்டம் என்பதை 1609இல் வெளியிட்டார். அந்த 8 பாகைத்துளியை மறைக்க மறுத்ததில்தான் அவருடைய பக்தி இருந்தது என்று நான் நம்புகிறேன். உங்கள் மாணவன் விடை சரியாக வந்துவிட்டது என்பதற்காக நடுவில் தாண்டிப்போன ஒரு படியை நீங்கள் திரும்ப எழுதச் சொல்லும்போது, அதே உண்மையைத்தான் அவனுக்குப் பழக்குகிறீர்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் சொல்வதன் பொருள், அளவை வகுப்பில் கவனமாக நிறுக்கப் பழகிய கைக்கு நன்றாக விளங்கும்.

பொருத்தம் உண்மையாகவே உள்ள இடத்தில் வேதத்தைத் தாராளமாகத் திறவுங்கள். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அவனுடைய உடன்வேலைக்காரன் அவனுக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டிருந்தான். ஒன்று பெரிய தொகை, மற்றது சிறிய தொகை என்று பிரசங்கத்தில் கேட்டிருப்போம். மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து வேலையாட்களுக்குப் பேசிய கூலியும் அதுவே. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. ஓய்வுநாள்களையும் பண்டிகைகளையும் கழித்து ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று கொண்டால், அந்தக் கடனை அடைக்க 2,00,000 ஆண்டுகள் உழைக்க வேண்டும், அதுவும் ஒரு காசைக்கூடச் செலவிடாமல். 'எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்' என்று அவன் ராஜாவின் காலில் விழுந்து சொன்ன வாக்கு எப்படிப்பட்டது என்பது அப்போது தெரியும். மறுபுறம், நூறு வெள்ளிப்பணம் ஒன்றும் அற்பத் தொகை அல்ல. நான்கு மாத உழைப்பு. தனக்குக் கடன்பட்டவனிடம் அவன் கோபப்படுவதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதைப்போல ஆறு லட்சம் மடங்கு அவனுக்கு மன்னிக்கப்பட்டிருந்தது. இங்கே விகிதக் கணக்கு இல்லாமல் உவமையின் ஆழத்துக்கு இறங்க முடியாது. இப்படிப்பட்ட இடங்கள் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ கிடைத்தால் போதும். மற்ற நாள்களில் அந்தக் கட்டத்தில் 'படிகளை விடாமல் எழுதுதல்' என்று எழுதுங்கள். நிர்வாகம் கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்ய வேண்டும் என்று எங்கள் பள்ளியில் அடிக்கடி சொல்கிறார்கள். நான் இசையைத்தான் தொழிலாகக் கொள்ளப்போகிறேன். வாழ்நாளில் ஒருபோதும் பயன்படுத்தப்போகாத இயற்கணிதத்தைக் கர்த்தருக்கென்று எப்படிச் செய்வது? — பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: பயன்படுத்தப்போவதில்லை என்பது இப்போதைக்கு உன் கணிப்பு, மகளே, அது மாறலாம், மாறாமலும் போகலாம். மாறாது என்றே வைத்துக்கொள்வோம். கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தில் அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார். அடிமைகளாக இருந்த வேலைக்காரர்களுக்குப் பவுல் அதை எழுதுகிறார். தங்கள் வேலையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்த வேலையின் பலனும் அவர்களுக்குச் சேராது. அப்படிப்பட்ட உழைப்பையும் கர்த்தர் ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் அந்த வசனத்தின் ஆறுதல். ஆகவே ஒரு பாடம் உனக்குப் பிடித்திருக்க வேண்டும் என்றோ, எதிர்காலத்தில் உதவ வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. இன்றைக்கு உன் மேசையில் இருப்பது அந்தச் சமன்பாடு. அதைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதாமல், தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று ஆசிரியரிடம் சொல்லி, உன்னால் இயன்றவரை போட்டு முடி. அவ்வளவுதான் கேட்கப்படுகிறது. மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் அது கர்த்தருக்கென்று செய்த வேலைதான்.

கேள்வி: பிரபஞ்சத்தின் வயது, உயிரினங்களின் பரிணாமம் ஆகியவற்றை அறிவியல் வகுப்பில் படித்துவிட்டு வந்து, ஆதியாகமம் பொய்யா என்று என் மகன் கேட்கிறான். இத்தகைய பாடங்களைக் கிறிஸ்தவப் பள்ளி தவிர்த்துவிட்டால் என்ன? — ஒரு தந்தை

பதில்: தவிர்ப்பதால் கேள்வி மறையாது, ஐயா. இன்று உங்களிடம் கேட்கிற மகன், நாளை உங்களிடம் கேட்காமல் வேறு எங்கேயாவது கேட்பான், அவ்வளவுதான் நடக்கும். அவன் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்பதற்காக முதலில் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு எழுதிய விரிவுரையில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பூமி, வானம், கோள்களின் இயக்கம், விலங்குகள், கற்கள் ஆகியவற்றைப் பற்றி விசுவாசியல்லாதவர்களும் ஆய்ந்தறிந்த உண்மைகள் உண்டு; வேதத்தின் பெயரால் கிறிஸ்தவன் அவற்றைப் பற்றிப் பேதைமையாகப் பேசினால், உயிர்த்தெழுதலையும் நித்திய ஜீவனையும் பற்றி அதே வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று அவர் வருந்துகிறார். பதினாறு நூற்றாண்டுகள் கழித்தும் இந்த எச்சரிக்கை பழையதாகவில்லை. அது செவிசாய்க்கப்படாத காலமும் உண்டு. பூமி சுற்றுகிறது என்ற கருத்துக்காக 1633இல் சபையின் நீதிமன்றம் கலிலேயோவைத் தண்டித்தது. அவர் 1642இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். அந்தத் தவற்றைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். உங்கள் மகனுக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, பாரம்பரியப் பண்புகள் எவ்வாறு கடத்தப்படுகின்றன என்பதைப் பட்டாணிச் செடிகளில் கண்டறிந்து 1866இல் வெளியிட்ட கிரகோர் மெண்டல் ஒரு துறவி என்பதையும், பிரபஞ்சம் விரிவடைகிறது என்ற கருத்தை 1927இல் முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ரு ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதையும் சொல்லுங்கள்.

லெமேத்ருவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி இந்தக் கேள்விக்கு மிகவும் தேவை. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற புதிய அறிவியல் கருத்தைப் படைப்புக் கோட்பாட்டுக்கு ஆதரவாக எடுத்துப் பேசினார். அதைக் கேட்டு மகிழ வேண்டியவர் லெமேத்ருதான் என்று நாம் நினைப்போம். அவருக்கோ அது உடன்பாடாக இல்லை. ஒரு கருதுகோள் நாளை திருத்தப்படலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டக் கூடாது, அதைக்கொண்டு விசுவாசத்தை இடிக்கவும் கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் உண்மையான விசுவாசிகளிடையே பல நிலைப்பாடுகள் இருக்கின்றன. உங்கள் சபையின் நிலைப்பாட்டை மகனுக்கு விளக்குங்கள். மற்றவர்கள் வேறுவிதமாக வாசிப்பதையும் சொல்லுங்கள். பள்ளியில் எதிர்பார்க்க வேண்டியது வேறொன்று. அறிவியலாளர்கள் எதை நேரில் அளந்தார்கள், அதிலிருந்து எதை அனுமானிக்கிறார்கள், அந்த அனுமானத்துக்கு என்ன சான்று வைக்கிறார்கள் என்பதை ஆசிரியர் திரிக்காமல் கற்பிக்க வேண்டும். 'ஆகையால் தேவன் இல்லை' என்று யாராவது அதன் தொடர்ச்சியாகச் சொன்னால், அது ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முடிவு அல்ல என்பதையும் அவர் எடுத்துக்காட்ட வேண்டும். எதிர்த் தரப்பின் கருத்தைக் கேலிச்சித்திரமாக்கித் தோற்கடித்துக் காட்டுகிற வகுப்பில் வளர்ந்த பிள்ளைகள், பின்னாளில் அந்தக் கருத்தை அதன் முழு வலிமையோடு சந்திக்கும்போது, தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் அறிவியல் ஆசிரியரோடு நிற்பதில்லை. வேதபாட ஆசிரியர்மேலும் படிகிறது.

கேள்வி: பிற சமயக் கவிஞர்களின் இலக்கியத்தைப் பிள்ளைகள் படித்து மனப்பாடம் செய்வது சரியா? — ஒரு வாசகி

பதில்: சரிதான். அத்தேனே பட்டணத்து மார்ஸ் மேடையில் பவுல் கிரேக்கக் கவிஞரின் ஒரு வரியை எடுத்துச் சொல்லித்தான் தம் கேட்போரை நெருங்கினார். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. வரி நினைவில் இருந்ததால்தானே அதை எடுத்தாள முடிந்தது? நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியு இளைஞர்களுக்கென்று எழுதிய உரையில், கிரேக்க இலக்கியத்தில் நன்மையானதைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். தேர்ந்தெடுக்கப் பழக வேண்டுமானால் முதலில் வாசித்தாக வேண்டும்.

கேள்வி: வரலாறு கற்பிக்கிறேன். சிலுவைப்போர்கள், அடிமை வணிகம் போன்றவற்றில் கிறிஸ்தவர்கள் செய்த அநியாயங்களைக் கிறிஸ்தவப் பள்ளியிலேயே விரிவாகக் கற்பித்தால் பிள்ளைகளின் விசுவாசம் ஆட்டம்காணும் என்று சக ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். உங்கள் கருத்து என்ன? — ஓர் ஆசிரியை

பதில்: விரிவாகவே கற்பியுங்கள். தாவீது ராஜாவின் விபசாரத்தையும் கொலையையும் இரண்டாம் சாமுவேல் மறைக்கவில்லை. பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் பதிவுசெய்கின்றன. தன் பிதாக்களின் குற்றங்களை இவ்வளவு திறந்த மனதோடு எழுதிவைத்த நூலை வேதமாகக் கொண்ட நாம், சபையின் குற்றங்களை எழுதுவதற்கு அஞ்சினால், அந்த நூலிலிருந்து என்ன கற்றோம்?

உங்கள் வகுப்புக்கு ஒரு சான்றைத் தருகிறேன். 1807இல் லண்டனில் ஒரு நூல் அச்சிடப்பட்டது. பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்த ஆப்பிரிக்க அடிமைகளின் உபயோகத்துக்காக வேதாகமத்திலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள் என்று அதன் முகப்பு அறிவித்தது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் இல்லை. யோசேப்பு எகிப்துக்கு அடிமையாக விற்கப்பட்ட கதை இருந்தது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் புறப்பட்டு வந்த கதை இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் வசனமும் விடப்பட்டிருந்தது. வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் பகுதி இருந்தது. மாணவர்களிடம் முழு வேதாகமத்தைக் கொடுத்து, எவற்றை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடிமைத்தனத்துக்குச் சாதகமாக வேதத்தைப் பயன்படுத்த நினைத்தவர்கள் அதை வெட்டித்தான் பயன்படுத்த முடிந்தது என்பதை அவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். அதே 1807இல்தான், நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸும் அவருடைய கிறிஸ்தவ நண்பர்களும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக, பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரே வேதத்தின் பெயரால் இரண்டும் நடந்தன. இரண்டையும் கற்பிக்கும் வகுப்பு பிள்ளைகளுக்கு நல்லது. வில்பர்போர்ஸை மட்டும் கற்பித்து மற்றதை மறைப்பது, அந்த நூலை அச்சிட்டவர்கள் செய்ததையே வேறு வகையில் நாமும் செய்வதாகும்.

விசுவாசம் ஆட்டம்காணுமா என்றால், சபையே கிறிஸ்து என்று தவறாகக் கற்பிக்கப்பட்ட பிள்ளைக்கு ஆட்டம்காணலாம். அந்தத் தவறான போதனையைத் திருத்தும் வேலையையும் வரலாற்று வகுப்பு சேர்த்துச் செய்யட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஓர் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ளது. ஜெபவாழ்க்கையில் சிறந்த ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். ஆனால் இயற்பியலில் அவருக்கு அடிப்படையே பலவீனம் என்பது நேர்காணலில் தெரிந்தது. இன்னொருவர் பாடத்தில் வல்லவர். சபைக்கு ஒழுங்காகப் போகிறவர், ஆனால் சாட்சி சொல்லிப் பழக்கமில்லாதவர். நிர்வாகக் குழுவில் பலர் முதலாமவரையே விரும்புகிறார்கள். — ஒரு தலைமையாசிரியர்

பதில்: இரண்டாமவரை நியமியுங்கள், ஐயா. ஆசரிப்புக்கூடாரத்தின் வேலைக்குப் பெசலெயேலைக் கர்த்தர் பேர்சொல்லி அழைத்தபோது, தேவ ஆவியினால் அவனை நிரப்பினதன் விளைவாக யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் குறிப்பிடுவது பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் இரத்தினம் பதிப்பதிலும் மரத்தைச் செதுக்குவதிலும் அவனுக்கு இருந்த கைத்திறனை. கர்த்தருடைய வேலைக்கு அந்தத் திறன் தேவைப்பட்டது. இயற்பியலில் பலவீனமான ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஓராண்டை இழப்பார்கள். அவர்களில் வெளியே பணம் கட்டிப் படிக்க வசதியில்லாத பிள்ளைகள்தான் அதிகம் இழப்பார்கள். ஏழைப் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு வழியில்லை என்பதை நிர்வாகக் குழுவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஜெபவாழ்க்கையில் சிறந்த அந்தச் சகோதரருக்கு அவர் நன்றாக அறிந்த வேறொரு பொறுப்பு பள்ளியில் இருக்குமானால் கொடுங்கள்.

ஆனால் பாடத்தில் வல்லவர் என்பதோடு நேர்காணலை முடித்துவிடாதீர்கள். அவரை ஒரு வாரம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லிப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனியுங்கள். தவறான விடை சொன்ன பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார், மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்காக இரண்டாவது முறை விளக்கும்போது குரல் மாறுகிறதா, தமக்குத் தெரியாத கேள்வி வந்தால் 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்கிறாரா, மறுநாள் அதைப் பார்த்து வந்து சொல்கிறாரா என்று பாருங்கள். திருத்திய நோட்டுகளில் சிலவற்றை வாங்கிப் பாருங்கள். வெறும் சரிக்குறி மட்டும் இருக்கிறதா, பிழை எந்த வரியில் தொடங்கியது என்று காட்டியிருக்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு குழுவைக் கூட்டுங்கள்.